பாரிஷ் என்றால் தேவாலயம் அல்ல: பொருளும் பயன்பாடும், முழுமையான வழிகாட்டி

உசேன் போல்ட் ஜமைக்காவின் ட்ரெலானி பாரிஷில் பிறந்தவர். 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் பெர்னார்ட் பாரிஷ் ஏறக்குறைய முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் உறுப்பினர்கள் இணையவழிக் கூட்டத்தில் போட்ட சண்டை, 2021இல் வீடியோவாக உலகம் முழுக்கப் பரவியது.

இந்த மூன்று செய்திகளிலும் தேவாலயமும் இல்லை, சாமியாரும் இல்லை. ஆனால் பாரிஷ் என்ற சொல்லைக் கண்டதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்ச்தான். அந்த நினைப்போடு மொழிபெயர்த்தால் போல்ட் ஒரு கோயிலில் பிறந்தவராகிவிடுவார். சர்ச் சார்ந்த ஆங்கிலச் சொற்களில் இந்த அளவுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது. வாக்கியத்தைப் பார்த்து எந்தப் பாரிஷ் என்று கண்டுபிடிக்கும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதல் படி: கட்டடத்தை ஒதுக்கி வையுங்கள்

பாரிஷ் என்பது ஒரு நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் வாழும் மக்களையும் அதே சொல் குறிக்கும். அந்த மக்களுக்கென்று ஒரு குரு பொறுப்பாக இருப்பார். அவர்கள் கூடும் கட்டடம்தான் பாரிஷ் சர்ச். போலீஸ் ஸ்டேஷன் ஒரு கட்டடம், ஆனால் ‘ஸ்டேஷன் லிமிட்’ என்றால் ஊர்களும் தெருக்களும் அடங்கிய ஒரு பரப்பு, இல்லையா? சர்ச்சுக்கும் பாரிஷுக்கும் உள்ள வித்தியாசம் அப்படிப்பட்டது.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். ‘பாரா’ என்றால் அருகே, ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து வந்த ‘பரோய்க்கியா’ என்ற சொல், சொந்த ஊர் அல்லாத இடத்தில் வந்து தங்கி வாழ்வதைக் குறித்தது. தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் இந்த உலகத்தில் தங்களை வந்தேறிகளாகவே நினைத்தார்கள், அதனால் தங்கள் சமூகத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அது லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஊரில்லாதவர்களைக் குறித்த சொல், கடைசியில் ஊர் எல்லையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

எல்லை என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் வரைபடங்கள் பரவலாகாத காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை குருவும் ஊர்மக்களும் பாரிஷின் எல்லையைச் சுற்றி நடந்தே வருவார்கள். கூடவே சிறுவர்களை அழைத்துப் போவார்கள். எல்லைக்கல், பழைய மரம் என்று ஒவ்வோர் அடையாளத்தையும் சிறுவர்கள் கையிலிருக்கும் குச்சியால் தட்டுவார்கள். பெரியவர்கள் போன பிறகும் எல்லை எதுவென்று சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே, அதற்காகத்தான். சில ஊர்களில் இன்றும் இந்த வழக்கம் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, மற்ற குருக்களின் எல்லைக்குள் போய்ப் பிரசங்கம் செய்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டபோது, உலகம் முழுவதையும் தன் பாரிஷாகவே பார்ப்பதாக 1739இல் எழுதினார். எல்லை எவ்வளவு கறாராக இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பதிலின் துணிச்சல் புரியும்.

இரண்டாம் படி: வாக்கியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது?

பொருளைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எழுதியவர் கத்தோலிக்கர் என்றால் நாடு எதுவானாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 515ஆம் பிரிவு, மறைமாவட்டத்துக்குள் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், கீழுள்ள பகுதிக்குள்) நிலையாக அமைக்கப்பட்டு, ஆயரின் அதிகாரத்தின் கீழ் ஒரு பங்குத்தந்தையிடம் (பாரிஷின் பொறுப்புக் குருவிடம்) ஒப்படைக்கப்பட்ட மக்கள் சமூகம் என்று பாரிஷை விளக்குகிறது. கவனியுங்கள், அதிலும் கட்டடம் முதலில் வரவில்லை. பொதுவாக எல்லையை வைத்துத்தான் ஒருவர் எந்தப் பங்கை, அதாவது பாரிஷை, சேர்ந்தவர் என்று முடிவாகும். ஆனால் மொழி, நாடு, வழிபாட்டு முறை ஆகியவற்றின் அடிப்படையிலும் பங்கு அமைக்க 518ஆம் பிரிவு இடம் தருகிறது. வேற்று நாட்டில் ஒரே மொழி பேசும் கத்தோலிக்கர்களுக்கென்று தனிப் பாரிஷ் இருப்பது இப்படித்தான்.

இங்கிலாந்து என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே இரண்டு வகைப் பாரிஷ்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையின் பாரிஷ். இன்னொன்று சிவில் பாரிஷ், அதாவது உள்ளாட்சி அமைப்பின் மிகக் கீழ்ப்படி. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பாரிஷ் கவுன்சில்களை உருவாக்கி, ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சின் கையிலிருந்து பிரித்தது. இன்றைய பாரிஷ் கவுன்சில் விளையாட்டு மைதானம், பேருந்து நிழற்குடை, நடைபாதை, இடுகாடு, தெருவிளக்கு போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். உறுப்பினர்களை ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குருவுக்குப் பதவி வழியாக அதில் இடம் கிடையாது. ஹேண்ட்ஃபோர்த் சண்டையும் ஊராட்சிச் சண்டைதான். இரண்டு வகைப் பாரிஷுக்கும் பல இடங்களில் ஒரே பெயர் இருக்கும், எல்லை மட்டும் வேறாக இருக்கலாம். அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாக்கியத்தில் வரி, தேர்தல், கட்டட அனுமதி என்ற பேச்சு வந்தால் சிவில் பாரிஷ். ஞானஸ்நானம், ஆராதனை, விக்கர் (பாரிஷின் குரு) என்ற பேச்சு வந்தால் திருச்சபைப் பாரிஷ்.

அமெரிக்காவில் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் கவுன்ட்டிகளாக, அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளாக, பிரிந்திருக்க, லூசியானா மட்டும் 64 பாரிஷ்களாகப் பிரிந்திருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் அங்கே கத்தோலிக்கத் திருச்சபையின் பிரிவுகளே மக்களுக்குப் பழகிய எல்லைகளாக இருந்தன. அமெரிக்கா அந்தப் பகுதியை வாங்கிய பிறகு 1807இல் 19 பாரிஷ்கள் நிர்வாகப் பிரிவுகளாக அமைக்கப்பட்டன, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே லூசியானாவில் பாரிஷ் ஷெரிஃப் உண்டு, பாரிஷ் சிறை உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரமும் ஆர்லியன்ஸ் பாரிஷும் ஒரே எல்லை கொண்டவை. சர்ச் வகைப் பாரிஷைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஊர்க்காரர்கள் ‘சர்ச் பாரிஷ்’ என்று சேர்த்துச் சொல்லிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

கரீபியன் தீவுகளில் ஆங்கிலேயர் கொண்டுபோன பாரிஷ், மாவட்டம் போன்ற பிரிவாகவே நிலைத்துவிட்டது. ஜமைக்காவில் பாப் மார்லி பிறந்த நைன் மைல் கிராமம் செயின்ட் ஆன் பாரிஷில் இருக்கிறது. பார்படோஸில் 11 பாரிஷ்கள். ஐரோப்பாவில் ஜெர்சி தீவுக்கு 12, மலைநாடான அண்டோராவுக்கு 7. இங்கெல்லாம் முகவரியிலேயே பாரிஷ் வரும். இணையத்தில் முகவரிப் படிவம் நிரப்பும்போது மாநிலம், மாகாணம் என்பதோடு பாரிஷ் என்ற சொல்லும் தென்படுவது இந்த நாடுகளுக்காகத்தான். உங்கள் சபையின் பெயரை அங்கே எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எந்தக் காலத்து வாக்கியம்?

பழைய ஆங்கில எழுத்தைப் படிப்பவர்களுக்கும், குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கும் இந்தப் படி இல்லாமல் வேலை நடக்காது.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பதிவேட்டைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது என்பதால் குருவிடம் ஒன்று, சர்ச் வார்டன்கள் எனப்படும் சர்ச்சின் பொறுப்பாளர்களிடம் ஒன்று. ‘பாரிஷ் செஸ்ட்’ என்றால் இந்தப் பெட்டிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசே பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது 1837இல். அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டு மக்களைத் தேட வேண்டுமானால் பாரிஷ் பதிவேடுதான் முதல் வழி.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அச்சடித்த படிவம் வந்தது. நாள், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருக்கும் இடம், தகப்பனின் தொழில், சடங்கை நடத்தியவர் பெயர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். திருமணப் பதிவேட்டில் மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் பக்கத்தில் ‘ஆஃப் திஸ் பாரிஷ்’ என்று எழுதியிருப்பார்கள், அதாவது இந்த எல்லைக்குள் குடியிருப்பவர். இணையத்தில் கிடைக்கும் படியெடுப்புகளில் இது ஓ.டி.பி. என்று சுருங்கிக் கிடக்கும். அந்த மூன்று எழுத்தைப் பட்டம் என்றோ தொழில் என்றோ நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒருவருக்கு மட்டும் வேறு பாரிஷின் பெயர் எழுதியிருந்தால், அடுத்து எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

இதே காலத்தில் பாரிஷ் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் இருந்தது, அது கசப்பானது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அதற்காக ஊரில் வரி வசூலித்தார்கள். ‘ஆன் த பாரிஷ்’ என்ற தொடருக்கு, அந்த உதவிப் பணத்தில் காலம் தள்ளுவது என்று பொருள். பழைய கதைகளில் பாரிஷ் பாய் என்று வரும் சிறுவன் கோயிலில் பூசைக்கு உதவும் பையன் அல்ல, ஆதரவில்லாமல் ஊர்ப்பணத்தில் வளர்க்கப்பட்ட பிள்ளை. 1662இல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, வெளியூரிலிருந்து வந்த ஏழை ஊருக்குச் சுமையாகிவிடுவார் என்று தோன்றினால், அவரைச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். திருமணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த இடத்துப் பாரிஷின் பொறுப்பு. அந்தச் செலவு தங்கள் தலையில் விழக் கூடாதென்று, பிரசவம் நெருங்கிய பெண்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்ட ஊர்களும் இருந்தன. எனவே அந்தக் காலத்து எழுத்தில் ஒருவர் பாரிஷை அஞ்சுகிறார் என்று வந்தால் அதைப் பக்தியோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. வறுமையின் அவமானத்தை அஞ்சுகிறார் என்றே பொருள்.

நான்காம் படி: பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தறிவது

சர்ச் என்பது கட்டடத்தையும் குறிக்கும், உலகளாவிய திருச்சபையையும் குறிக்கும். சாப்பல் என்பது சிற்றாலயம், பெரும்பாலும் தனக்கென்று பாரிஷ் எல்லை இல்லாதது. காங்கிரகேஷன் என்றால் வழிபாட்டுக்குக் கூடியிருக்கும் மக்கள். ஞாயிறன்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரும் காங்கிரகேஷனில் ஒருவர்தான், ஆனால் அந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் அல்ல. பல பாரிஷ்கள் சேர்ந்தால் டயோசிஸ், அதற்குத் தலைவர் பிஷப்.

பதவிப் பெயர்களில்தான் தடுமாற்றம் அதிகம். பாஸ்டர் என்றால் நமக்குப் புராட்டஸ்டன்ட் அல்லது பெந்தெகொஸ்தே சபைப் போதகர். ஆனால் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் எழுதும்போது பாஸ்டர் என்பது பங்குத்தந்தை. பரோக்கியல் விக்கர் என்றால் அவருக்குக் கீழே உள்ள உதவிப் பங்குத்தந்தை. இங்கிலாந்துத் திருச்சபையிலோ வெறும் விக்கர் என்றாலே பாரிஷின் பொறுப்புக் குரு. ஒரே சொல், இரண்டு படிநிலை. இங்கேயும் எழுதியவர் யார், எந்த நாடு என்று பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பரோக்கியல் என்ற பிள்ளைச்சொல்

பாரிஷிலிருந்து கிளைத்த சொற்களில் எளிதானது பரிஷனர், அதாவது பாரிஷைச் சேர்ந்தவர். கடினமானது பரோக்கியல். அதற்கு இரண்டு குணம் உண்டு. அலுவல் நடையில் அது வெறுமனே பாரிஷ் சார்ந்தது என்று பொருள்படும். பொது நடையில் அது குறை சொல்லும் சொல். தன் ஊர், தன் தெரு என்பதைத் தாண்டிப் பார்க்கத் தெரியாத குறுகிய மனப்பான்மையைக் குறிக்கும். ‘பாரிஷ் பம்ப்’ அரசியல் என்பதும் அதே வகை: ஊர்ப் பொதுக் குழாயடிக்கு அப்பால் எதையும் யோசிக்காத அரசியல்.

எப்போது எந்தப் பொருள்? பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். ஸ்கூல், விக்கர், சர்ச் கவுன்சில் என்று வந்தால் அலுவல் பொருள். அமெரிக்காவில் பரோக்கியல் ஸ்கூல் என்பது சர்ச் நடத்தும் பள்ளி, பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளி. அட்டிட்யூட், அவுட்லுக், வியூ என்று வந்தால் குறை. ஒரு பாதிரியாரைப் பாராட்டி எழுதும் கடிதத்தில் அவருடைய பரோக்கியல் பார்வையை மெச்சுகிறேன் என்று எழுதினால், அவரைக் குறுகிய புத்திக்காரர் என்று சொன்னதாகிவிடும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில் என்றால் ஊராட்சி. பரோக்கியல் சர்ச் கவுன்சில் என்றால்தான் சர்ச் நிர்வாகக் குழு, சுருக்கமாக பி.சி.சி. கத்தோலிக்கர்களிடம் பாரிஷ் கவுன்சில் என்றால் பங்குப் பேரவை.

ஆறாம் படி: சொல்லிலும் எழுத்திலும்

தமிழில் பாரிஷ் என்று எழுதுகிறோம், தவறில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது முதல் எழுத்து முழு ஆகாரமாக ஒலிக்கக் கூடாது. பேங்க் என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது வருமே, அந்த ஒலி. அழிந்துபோவதைக் குறிக்கும் பெரிஷ் என்ற சொல் வேறு. அமெரிக்கர் பலர் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிப்பார்கள், ஆகவே காதால் கேட்கும்போது இடம் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பாரிஷில் அழுத்தம் முதல் அசையில். பரிஷனர் என்னும்போது அது இரண்டாம் அசைக்கு, அதாவது ‘ரி’க்கு நகர்ந்துவிடும். பரோக்கியல் சொல்லில் ‘ரோ’ மேல் அழுத்தம். எழுத்தில் சி, ஹெச் இருந்தாலும் ஒலி ‘க’தான்.

ஞாயிறன்று பாரிஷுக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதுவது சரியில்லை, போவது சர்ச்சுக்கு. பாரிஷில் வாழ்கிறோம், பாரிஷைச் சேர்ந்திருக்கிறோம், அதனால் இன், பிலாங் டு என்ற சொற்களே உடன் வரும். பாரிஷ் பிரீஸ்ட், பாரிஷ் ஹால், பாரிஷ் கிளார்க் என்று சேர்க்கும்போது நடுவில் உடைமைக் குறி வேண்டாம். லூசியானாவில் பெயருக்குப் பின்னால் பாரிஷ் வரும், முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்கும். பொதுவாகச் சொல்லும்போது சிறிய எழுத்து போதும்.

ஏழாம் படி: தமிழில் எப்படிச் சொல்வது?

கத்தோலிக்கச் சூழலில் ‘பங்கு’ என்பதே பழகிய சொல். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை, கிளைப்பங்கு என்று முழுக் குடும்பமும் தயாராக இருக்கிறது. பரிஷனர் என்பதைப் பங்குதாரர் என்று மட்டும் எழுதாதீர்கள், அது கம்பெனியில் பணம் போட்டவரைக் குறிக்கும். தென்னிந்தியத் திருச்சபையினர் ஆங்கிலத்தில் பாஸ்டரேட் என்பார்கள், தமிழில் சேகரம். அதனால் அந்தச் சபையினருக்காக எழுதினால் சேகரம் என்பதே காதுக்கு இயல்பாக இருக்கும். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு பாரிஷ் சர்ச்சில் வாசிக்கும் ஆங்கிலேய வழக்கத்துக்கும், ஓலை வாசிப்பது என்ற நம் சொல் அப்படியே பொருந்தும்.

ஜமைக்காவுக்கும் லூசியானாவுக்கும் பங்கு என்று போடவே கூடாது. முதல் தடவை ‘பாரிஷ் எனப்படும் மாவட்டம்’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் பாரிஷ் என்றே தொடரலாம். இங்கிலாந்தின் பாரிஷ் கவுன்சிலுக்கு ஊராட்சி மன்றம் என்பதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. பழைய ஏழைகள் சட்டத்தைப் பற்றி எழுதும்போது பாரிஷ் என்றே வைத்துக்கொண்டு ஒரு வரி விளக்கம் சேர்ப்பது நல்லது. சர்ச்சும் ஊராட்சியும் அப்போது ஒன்றாகவே இருந்தன, ஒரு பக்கத்துச் சொல்லைப் போட்டால் மறுபக்கம் மறைந்துவிடும்.

கடைசியாக, பலருக்கும் நேரில் தேவைப்படும் ஒன்று. வெளிநாட்டில் கத்தோலிக்கத் திருமணத்துக்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ படிவம் நிரப்பும்போது ‘பாரிஷ் ஆஃப் பாப்டிசம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஞானஸ்நானம் நடந்த இடம் ஒரு பங்கின் கீழுள்ள கிளைப்பங்காக இருந்தாலும், பதிவேடு எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பங்கின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், கூடவே மறைமாவட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் குடியிருக்கும் பாரிஷைக் கேட்கும் கட்டம் தனியாக இருக்கும், இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. உறுதிப்பூசுதல், திருமணம் ஆகியவை வேறு பங்கில் நடந்தாலும், அவற்றை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறித்துவைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் பிரிவு. அதனால்தான் எவ்வளவு தூரம் குடிபெயர்ந்து போனாலும் திருமணத்துக்கு முன் அந்தப் பழைய பங்கிலிருந்து புதிதாகச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்தப் பங்கு வேறொன்றோடு இணைக்கப்பட்டிருந்தால், மறைமாவட்ட அலுவலகத்துக்குப் பழைய பங்கின் பெயரையே குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.